நூற்றெண்பது அலகுக்குள்

வாயால் சொல்லக்கூடிய எதையும் சண்முகலிங்கம் கடிதமாகத்தான் தருவார். முப்பத்துநாலு வருடம் அரசாங்கக் கந்தோர் ஒன்றில் தலைமை லிகிதராக இருந்த மனிதர். கோப்பில் இல்லாதது உலகத்தில் நடக்கவில்லை என்பது அவருடைய கொள்கை. வெள்ளவத்தையில், கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கை ஒன்றில் அவருடைய இரண்டு தட்டு வீடு இருக்கிறது. கீழே அவரும் மனைவி அருந்ததியும். மேலே ஆறு வருடமாக உஷாந்தி, அவளுடைய கணவன் ஆகில், மகள் நிருஷா. இந்த ஆறு வருடத்தில் வாடகை கூட்டியதும், மொட்டைமாடித் தண்ணீர்த் தாங்கியைக் கழுவச் சொன்னதும், மாடிப்படிக்குக் கீழே சைக்கிள் நிறுத்தக் கூடாது என்றதும் கடிதங்கள்தான். படியேறி வந்து கதவைத் தட்டுவார். கடிதத்தைக் கையில் தருவார். "வாசிச்சுப் பாரும்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய்விடுவார்.

ஆகஸ்ட் மாதம் வந்த கடிதத்துக்கு 'பொருள்: மின்சாரப் பாவனை' என்று தலைப்பிட்டு அடிக்கோடும் போட்டிருந்தார்.

'கடந்த மாதப் பட்டியலின்படி மொத்தப் பாவனை 268 அலகுகள் ஆகும். கீழ்த்தளத்தில் வசிப்போர் வயோதிபர் இருவர் மட்டுமே என்பதைத் தாங்கள் அறிவீர்கள். ஆகவே எதிர்வரும் இரண்டு பட்டியல்களுக்குள் மொத்தப் பாவனை 180 அலகுகளுக்கு மேற்படாதிருத்தல் வேண்டும். தவறும் பட்சத்தில், நவம்பர் மாத முடிவுக்குள் மேல்மாடியை ஒப்படைக்குமாறு இத்தால் அறியத்தருகிறேன்.'

கையொப்பம், திகதி. அதற்கும் கீழே, 'பிரதி: கோப்பு.'

உஷாந்தி அதை நின்றபடியே இரண்டு தரம் வாசித்தாள். அந்த வீட்டில் இரண்டு குடும்பத்துக்கும் ஒரே மீற்றர். கட்டும்போது ஒரு குடும்பத்துக்கென்று கட்டிய வீடு. பிள்ளைகள் கனடா போன பிறகு மேலே வாடகைக்கு விட்டார்கள், மீற்றரைப் பிரிக்கவில்லை. பட்டியல் வந்தால் மூன்றில் இரண்டு பங்கு மேலே, ஒரு பங்கு கீழே. நூற்றெண்பது அலகைத் தாண்டினால் விலை ஏறுகிற ஏற்றம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். அவர் கோபப்படுவதில் நியாயம் இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் கரண்ட் பில்லுக்காக வீட்டை விட்டு எழும்பச் சொல்வார் என்று அவள் கனவிலும் நினைக்கவில்லை.

நிருஷாவுக்குச் சாதாரணதரப் பரீட்சைக்கு ஐந்து மாதம்தான் இருந்தது. பள்ளிக்கூடம் பத்து நிமிட நடை. உஷாந்தி வேலை செய்யும் மருந்துக்கடை காலி வீதியில், அதுவும் நடைதான். வெள்ளவத்தையில் வேறு வீடு என்றால் ஒரு வருட வாடகையை முன்பணமாகக் கேட்கிறார்கள். ஆகில் ஒரு கப்பல் கம்பனியில் கிளார்க். அவனிடம் அப்படியொரு தொகை ஒரு காலத்திலும் சேர்ந்து இருந்ததில்லை. எழும்பச் சொன்னால் போவதற்கு அவர்களுக்கு இடமில்லை, அவ்வளவுதான் விஷயம்.

அன்றிலிருந்து வீட்டில் மின்சாரச் சட்டம் அமுலுக்கு வந்தது. ஒரு அறையில் ஒரு ஃபான். நிருஷா படிக்கும் நேரம் மற்றவர்கள் விசிறிக்கொண்டு பல்கனியில் இருந்தார்கள். ஆகிலின் சேர்ட்டுகளுக்கு அயன் பிடிப்பதை நிறுத்தினார்கள். கந்தோரில் ஒருவன் "வீட்டில சண்டையோ?" என்று கேட்டானாம். அவன் அதை வந்து சொல்லிச் சிரித்தான், உஷாந்திக்குச் சிரிப்பு வரவில்லை. இவ்வளவு செய்தும் செப்டெம்பர் பட்டியல் இருநூற்று ஐம்பத்தொன்று என்று வந்தது. இன்னும் ஒரு பட்டியல்தான் மீதி.

அந்த வாரம் பார்த்து வோஷிங் மெஷினும் ஒழுகத் தொடங்கியது.

அது ஜேர்மனிக்கார மெஷின். உஷாந்தியின் தம்பி ஜனா ஸ்ருட்கார்ட்டில் இருக்கிறான். இரண்டு வருடத்துக்கு முன் அவன் தன் வீட்டுக்குப் புதிது வாங்கியபோது பழையதை வீசிவிடாமல், கப்பலில் வந்த சாமான்களோடு அக்காவுக்கு அனுப்பிவைத்தான். வீடியோவில் வந்து பாடமும் எடுத்தான். "அக்கா, இந்தக் குமிழை அறுபதில விடு. மற்ற ஒண்டையும் தொடாதை. நாங்கள் இஞ்ச அப்பிடித்தான் தோய்க்கிறனாங்கள்." மெஷினில் எழுதியிருப்பதெல்லாம் ஜேர்மன். தம்பி சொன்னதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு, இரண்டு வருடமாக அவள் குமிழை அறுபதை விட்டு ஒரு நூல் அசைக்கவில்லை. அந்த அறுபது என்ன என்றும் கேட்கவில்லை. ஒரு மணித்தியாலம் சுற்றுவது என்று நினைத்திருந்தாள். உடுப்புகள் வெதுவெதுப்பாக வெளியே வரும். மிக்ஸியில் உழுந்து அரைத்தால் மா சூடாகிறதே, அப்படிச் சுற்றுகிற சூடு என்று நினைத்தாள்.

வெள்ளவத்தையில் இருந்த இரண்டு மெக்கானிக்குகள் ஜேர்மன் எழுத்தைக் கண்டதும் கையை விரித்தார்கள். மூன்றாவதாக, கொட்டாஞ்சேனையில் இருந்து ஸ்ரனிஸ்லாஸ் என்றொருவர் வந்தார். ஐம்பது வயது இருக்கும். கழுத்தில் சிலுவை, தோளில் சாமான் பை. மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே முன்கண்ணாடியில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தவர் கையைச் சடாரென்று எடுத்தார்.

"மிஸ், யாரு இத அறுபதுல வச்சது?"

"என்ர தம்பி. அவர் ஜேர்மனியில இருக்கிறார். ரெண்டு வருசமா அதிலதான் ஓடுது."

"அதான் பாத்தேன். மிஸ், நீங்க ரெண்டு வருஷமா உடுப்புத் தோய்க்கல்ல, தண்ணி காய்ச்சியிருக்கீங்க."

உஷாந்திக்கு விளங்கவில்லை. ஸ்ரனிஸ்லாஸ் மெஷினை நிறுத்தி, பின்பக்கத் தகட்டைக் கழற்றி, அடியில் வளைந்து கிடந்த ஒரு தடித்த கம்பியைக் காட்டினார். "இதுதான் ஹீற்றர். அறுபதுன்னா அறுபது பாகை சூடு. மோட்டர் தின்னுறது கொஞ்சம்தான். மிச்சம் எல்லாம் இவன் தின்னுறான். வெளிநாட்டுல பைப்பத் திறந்தா தண்ணி ஐஸ் மாதிரி வரும், அங்க காய்ச்சணும். நம்ம மொட்டைமாடித் தாங்கித் தண்ணி மத்தியானம் கையில பட்டாலே துள்ளுறோம். அத இவன் திரும்பக் காய்ச்சுறான்!" என்று சொல்லிவிட்டு அவரே சிரித்தார்.

கதவு ரப்பரை மாற்றியபின், குமிழைத் திருப்பி, இலக்கம் இல்லாத ஒரு அடையாளத்தில் நிறுத்தி, அதற்கு நேரே நீல டேப் ஒட்டினார். "இங்கேயே ஓடட்டும். டவல், பெட்ஷீட் மாதிரிக் கனத்தது இருந்தா மத்தியானம் போடுங்க, தாங்கியில வெயில் காய்ச்சின தண்ணி சும்மா வரும். ரொம்ப அழுக்குன்னா முதல்நாளே ஊறப்போடுங்க. ஊறவிட்டாலே பாதி வேலை முடிஞ்சிரும்."

அவர் போனபின் உஷாந்தி மெஷினுக்கு முன்னாலேயே நிலத்தில் குந்தியிருந்தாள். வெட்கமாக இருந்தது. மகளை வியர்க்க வியர்க்கப் படிக்க வைத்துவிட்டு, கிழமைக்கு ஐந்து நாள் இந்த இரும்புப் பெட்டிக்குள் தண்ணீர் காய்ச்சியிருக்கிறாள். பிழை தன்னுடையது என்றால் போய்ச் சொல்லிவிட வேண்டும், அது அவளுடைய சுபாவம். சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு படியிறங்கினாள்.

சண்முகலிங்கம் கதவை ஒரு சாண் அகலத்துக்குத் திறந்தார். அண்மைக்காலமாக அவர் கதவு திறப்பது அந்த அளவுதான். அருந்ததி அன்ரியை வெளியே கண்டு மாதக்கணக்காகிறது. கேட்டால் "அவவுக்கு முழங்கால் நோ, நடமாட்டம் குறைவு" என்பார்.

"அங்கிள், கரண்ட் ஏன் கூடினதெண்டு கண்டுபிடிச்சிட்டன். எங்கட மெஷின்தான். தண்ணியைச் சூடாக்கி இருக்கு, எனக்குத் தெரியாது. இனி பச்சைத்தண்ணியிலதான் தோய்ப்பன். குறை நினைக்காதேங்கோ."

அவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. சாதாரண நிம்மதி அல்ல, பரீட்சையில் சித்தியடைந்த பிள்ளையின் முகத்தில் வருகிற மாதிரி. "அதுதானே பாத்தன்! மேலதான் ஏதோ இருக்கெண்டு எனக்கு முந்தியே தெரியும்" என்றார். பிறகு குரலை இறக்கி, "பரவாயில்லை பிள்ளை, தெரியாமல் செய்தது. ஆனால் கடிதம் கடிதம்தான், என்ன?" என்றார்.

"ஓம் அங்கிள்."

படியேறும்போது அவளுக்கு அவர்மேல் கொஞ்சம் அன்பு கூட வந்தது. பெரிய மனிதன், திட்டவில்லை.

அதன்பிறகு அவள் ஒவ்வொரு காலையும் வேலைக்குப் போகுமுன் வாசல் மதிலில் இருக்கிற மீற்றரைப் பார்த்து, மருந்துக்கடை தந்த கலண்டரின் பின்பக்கத்தில் இலக்கத்தைக் குறித்தாள். மெஷின் நீல டேப்பிலேயே ஓடியது. கறைபட்ட உடுப்புகளை முதல்நாளே சவுக்காரத்தூள் கரைத்த வாளியில் ஊறவிட்டாள். உடுப்புகளில் ஒரு வித்தியாசமும் இல்லை. இரண்டு வருடம் வீணாகக் காய்ச்சினோமே என்று வயிறு எரிந்தது மட்டும்தான் வித்தியாசம்.

ஆனால் கலண்டர் வேறு கதை சொன்னது. முன்பு ஒரு நாளைக்கு எட்டு, எட்டரை அலகு போனது. இப்போது ஏழரை. ஒரு அலகு குறைந்திருக்கிறது, சரி. நூற்றெண்பதுக்குள் நிற்பதென்றால் ஒரு நாளைக்கு ஆறுதான் போகலாம். மிச்ச ஒன்றரை அலகை எங்கே பிடிப்பது? இனி அணைப்பதற்கு வீட்டில் ஒன்றுமில்லை. ஆகில், "கடல்காத்துக்கு வயர் பழுதாகிக் கரண்ட் ஒழுகுதோ தெரியாது" என்றான். அவனுக்கு மின்சாரம் பற்றித் தெரிந்தது அவ்வளவுதான். ஆனால் அவளுக்கு அது ஒரு யோசனையைத் தந்தது.

அடுத்த புதன்கிழமை அவளுக்கு விடுமுறை. ஆகிலும் நிருஷாவும் போனபின், பத்து மணிபோல, மேல்வீட்டுப் பிரதான சுவிட்சை இழுத்து அணைத்தாள். ஃப்ரிட்ஜ் ஒரு உறுமலோடு நின்றது. படியிறங்கி மீற்றருக்கு முன் போய் நின்றாள். மேலே ஒரு லைற்கூட எரியவில்லை. மீற்றரின் சிவப்பு வெளிச்சம் மூச்சுவிட நேரமில்லாமல் மின்னி மின்னி அணைந்தது. அவள் மெஷினை அறுபதில் விட்டிருந்த காலத்தில்கூட அது இப்படி மின்னியிருக்காது.

கீழே இரண்டு வயோதிபர்கள். முழங்கால் நோ. இவ்வளவு கரண்டில் அவர்கள் என்ன செய்கிறார்கள்?

வயர்ப் பழுது என்றால் சொல்ல வேண்டுமே என்று, உண்மையில் அந்த நினைப்போடுதான், அவள் வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் போனாள். குசினிச் சுவருக்கும் எல்லை மதிலுக்கும் இடையில் ஒரு ஆள் நடக்கும் அகலம். அங்கே ஆவி பறந்தது. சண்முகலிங்கம் சாரத்தை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டிக்கொண்டு, வெறும் மேலோடு நின்றார். முன்னால் இரண்டு வாளிகள். ஒன்றுக்குள் ஹீற்றர் கம்பி தொங்க, தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. மற்ற வாளியில் பெட்ஷீற் ஒன்றைப் போட்டு, அகப்பைக் காம்பால் கிண்டிக்கொண்டிருந்தார். மூத்திர மணம் ஆவியோடு சேர்ந்து முகத்தில் அடித்தது. திறந்திருந்த பின்கதவால் பார்த்தால், அறைக்குள் குறுக்கே கயிறு கட்டி நாலு பெட்ஷீற் தொங்கியது. அவற்றைக் காயவைக்க இரண்டு ஃபான் முழுவேகத்தில் சுற்றின. அதற்கும் அப்பால் ஒரு கட்டில் தெரிந்தது. கட்டிலில் மெலிந்த இரண்டு கால்கள்.

உஷாந்திக்கு ஒரு நொடியில் எல்லாம் விளங்கிவிட்டது. அன்ரிக்கு முழங்கால் நோ இல்லை. அன்ரி படுத்த படுக்கை. ஒரு நாளைக்கு எத்தனை தரம் படுக்கை நனைகிறதோ, இந்த மனிதர் அத்தனை தரமும் தண்ணீர் காய்ச்சுகிறார். வெளியே காயப்போட்டால் சனம் காணும் என்று அறைக்குள் காயவைக்கிறார்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "நீர் ஏன் இஞ்சாலை வந்தனீர்?"

பாவம் என்று நினைத்திருக்க வேண்டும். ஆனால் அவளுக்கு முதலில் வந்தது ஆத்திரம். "அங்கிள், நான் வந்து உங்களிட்டை மன்னிப்புக் கேட்டனான். நீங்கள் பரவாயில்லை எண்டு சொன்னீங்கள்."

அவர் குனிந்து மீண்டும் பெட்ஷீற்றைக் கிண்டத் தொடங்கினார். அகப்பைக் காம்பைப் பிடித்திருந்த கை சுடுதண்ணீரில் வெந்து சிவந்து, விரல் இடுக்குகளில் தோல் உரிந்திருந்தது. அதைக் கண்டிராவிட்டால் அவள் இன்னும் நாலு வார்த்தை கேட்டிருப்பாள்.

"அன்ரிக்கு எவ்வளவு காலமா?"

"அது உமக்குத் தேவையில்லாத கதை" என்றார். "பள்ளிக்கூடத்தில கணக்குப் படிப்பிச்ச மனுசி. இந்த ஒழுங்கையில பாதிப் பேர் அவவிட்டைப் படிச்சவை. ஆருக்காவது ஒரு சொல்லுச் சொன்னீர் எண்டால் நவம்பர் மட்டும் பாத்துக்கொண்டிருக்க மாட்டன்."

"சொல்லித்திரியிறதுக்கு எனக்கு வேற வேலை இல்லையோ? ஆனால் ஒண்டு கேளுங்கோ. மூத்திரம் பட்ட துணிக்கு எடுத்தவுடன சுடுதண்ணி ஊத்தக்கூடாது. மணம் உள்ளுக்கு இறுகிப்போகும், பிறகு எத்தினை தரம் காய்ச்சினாலும் போகாது. முதல்ல பச்சைத்தண்ணியில அலசிப்போட்டு, கொஞ்சம் வினாகிரி விட்டு ஊறப்போட வேணும். கடைக்கு வாற ஆக்களுக்கு நாங்கள் தினம் சொல்லுறது. நீங்கள்தான் எங்கட கடைப் பக்கமே வாறேல்லையே."

சொன்ன பிறகுதான் அவளுக்கே அது உறைத்தது. வெள்ளிக்கிழமை தவறாமல் கொட்டாஞ்சேனைக் கோயிலுக்கென்று பெரிய பையோடு பஸ் ஏறிப்போகிறவர். பையில் என்ன வந்திருக்கும் என்று இப்போது தெரிந்தது. பெரியவர்களுக்குக் கட்டுகிற பம்பர்ஸை வெள்ளவத்தையில் வாங்குவதென்றால் அவள் நிற்கிற கடையில்தான் வாங்க வேண்டும். கிழமைக்கு ஒரு தரம் சுமக்கிற ஒரு பை எத்தனை நாளைக்குக் காணும்? முடிந்த பிறகு மிஞ்சுவது பெட்ஷீற்தான்.

அவர் பின்கதவை மூடினார். உள்ளேயிருந்து ஒரு பெண்குரல் "ஆரப்பா அது?" என்று கேட்டது. "ஒருத்தருமில்லை" என்றார்.

பின்னேரம் ஆகிலிடம் சொன்னதும் அவன் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்தான். "தன்ர வீட்டில கரண்டை எரிச்சுப்போட்டு எங்களை எழும்பச் சொல்லுறாரோ? இப்பவே போய்க் கேக்கிறன்."

"கேட்டால் வீடு மிஞ்சுமோ தெரியாது, அன்ரின்ர மானம் மிஞ்சாது. இரும்" என்றாள்.

அவன் இருந்தான். ஆனால் வியாழனும் வெள்ளியும் அவர்கள் இருவரும் வீடு பார்த்தார்கள். தெஹிவளையில் ஒன்று. அறைக்குள் குடை பிடிக்க வேண்டும் போல இருந்தது. முகத்துவாரத்தில் ஒன்று. அங்கேயிருந்து நிருஷா பள்ளிக்கூடம் வருவதற்கு இரண்டு பஸ். திரும்பி வரும் வழியில் உஷாந்தி பஸ் கண்ணாடியில் தலையைச் சாய்த்துக்கொண்டு, தோற்றுப்போனோம் என்று நினைத்தாள். கலண்டரின்படி நூற்றிருபது அலகு ஏற்கெனவே போய்விட்டது. பதினாலு நாள் கிடந்தது.

சனிக்கிழமை காலை கதவைத் திறந்தபோது மேல்படியில் ஒரு துணிக்கடைப் பை இருந்தது. வாய் இறுக்கி முடிந்திருந்தது. அவிழ்த்தாள். உள்ளே இரண்டு பெட்ஷீற். ஏற்கெனவே பச்சைத்தண்ணீரில் அலசிப் பிழிந்திருந்தது. வினாகிரி மணத்தது. கடிதம் இல்லை.

சண்முகலிங்கம் கடிதம் வைக்காமல் ஒரு பொருளை அனுப்பியது அந்த ஆறு வருடத்தில் அதுதான் முதல் தடவை.

அவள் அவற்றை வாளியில் ஊறப்போட்டாள். மத்தியானம், தாங்கித் தண்ணீர் நன்றாகக் காய்ந்திருக்கிற நேரம், மெஷினில் போட்டாள். பிறகு மொட்டைமாடிக்குக் கொண்டுபோய், தன் வீட்டுப் பெட்ஷீற்றுகள் இரண்டுக்கு நடுவில் விரித்துப்போட்டாள். கடல்காற்றில் எல்லாம் ஒன்றாக ஊதி எழும்பின. எது யாருடையது என்று யாராலும் சொல்ல முடியாது. பக்கத்து மாடியில் வடகம் காயவைத்துக்கொண்டிருந்த ஸீனத், "என்ன உஷா, ஊட்டுக்கு விருந்தாளியா? இவ்வளவு பெட்ஷீட்டு!" என்று கூப்பிட்டுக் கேட்டாள்.

"ஓம் ஸீனத், யாழ்ப்பாணத்தில இருந்து ஆக்கள் வந்திருக்கினம். கொஞ்ச நாளைக்கு நிப்பினம்."

ஒன்றரை மணித்தியாலத்தில் காய்ந்துவிட்டன. மடித்து, அதே பையில் போட்டு, மடிப்புகளுக்கு நடுவில் கடையிலிருந்து கொண்டுவந்திருந்த பம்பர்ஸ் கட்டு ஒன்றையும் செருகி, கீழ்ப்படியில் வைத்துவிட்டு வந்தாள். அடுத்தநாள் காலையும் பை வந்தது. அதற்கடுத்த நாளும் வந்தது. படியில் எதிர்ப்பட்டால் அவர் மீற்றரைப் பார்ப்பார், அவள் செருப்பைப் பார்ப்பாள். பையைப் பற்றி ஒரு வார்த்தை நடக்கவில்லை. கலண்டரில் மட்டும் ஏழரை என்பது ஐந்துக்கும் கீழே இறங்கியது. மிஞ்சியிருந்த அறுபது அலகைப் பதினாலு நாளுக்குப் பிரித்தால் நாலே கால்தான் வர வேண்டும், அவளுக்குத் தெரியும். நாலே முக்காலுக்குக் கீழே அது போகவில்லை.

ஒரு புதன்கிழமை அவள் பையை வைத்துவிட்டுத் திரும்பும்போது, கீழ்வீட்டு யன்னலுக்குள்ளிருந்து அந்தப் பெண்குரல், "உஷாந்தி, இஞ்ச வாரும்" என்றது. சண்முகலிங்கம் சந்தைக்குப் போயிருந்தார். உஷாந்தி தயங்கி உள்ளே போனாள். அன்ரி தலையணையில் சாய்ந்திருந்தா. இடுப்பு எலும்பு முறிந்து ஏழு மாதம் என்று அவவே சொன்னா. உடம்பு பாதியாகிவிட்டிருந்தது. கண்கள் மட்டும் வகுப்பறையில் கடைசி வாங்கில் இருக்கிறவனைப் பிடிக்கிற அதே கண்கள்.

"அண்டைக்கு நீர் பின்பக்கம் நிண்டு கதைச்சதெல்லாம் எனக்குக் கேட்டது பிள்ளை. அதுக்கு முதல், வாசலில வந்து மன்னிப்புக் கேட்டதும் கேட்டது. அப்ப அவர் வந்து என்னட்டை, 'பிரச்சினை மேலதானாம்' எண்டு சொன்னார். நான் கணக்குப் படிப்பிச்சனான். ஆர் எவ்வளவு எரிக்கிறது எண்டு எனக்குக் கணக்குத் தெரியாதோ?" மூச்சு வாங்கினா. "பெட்ஷீற்றை மேல குடுத்துவிடுங்கோ எண்டனான். மாட்டன் எண்டார். மூண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தனான். அதுக்குப் பிறகுதான் அந்தப் பை மேல வந்தது."

உஷாந்தி வாசலுக்குப் போய்ப் பையைத் தூக்கிவந்தாள். காய்ந்த பெட்ஷீற்றை எடுத்து, அன்ரியை ஒரு பக்கம் சரித்து, பழையதைச் சுருட்டி, புதியதை விரித்தாள். அன்ரி அதன் ஓரத்தை இழுத்து மூக்கில் வைத்துக்கொண்டா.

"பிள்ளையளுக்குச் சொல்லேல்லையே அன்ரி?"

"கனடாவுக்கோ? அவர் அதுக்குக் கடிதம் எழுதத் தொடங்கி ஏழு மாதம். இன்னும் முடியேல்லை."

ஒக்டோபர் பட்டியல் ஒரு செவ்வாய்க்கிழமை வந்தது. மீற்றர் பார்க்கிறவன் கேற்றில் செருகிவிட்டுப் போன துண்டை, உஷாந்தி வேலையால் வருமுன்பே சண்முகலிங்கம் எடுத்துவிட்டார். அவளுக்கு அது தேவையில்லை. அன்று காலையே கலண்டரில் கூட்டிப் பார்த்திருந்தாள். நூற்றெண்பத்தேழு. ஆகிலிடமும் சொல்லிவிட்டாள். அவன் தெஹிவளை வீட்டுக்காரனின் இலக்கத்தைத் தேடி எடுத்து மேசையில் வைத்திருந்தான்.

ஆறு மணிபோல கதவு தட்டப்பட்டது. சண்முகலிங்கம் நீளக்காற்சட்டையும் சேர்ட்டும் போட்டு, பையில் பேனை குத்தியபடி, கையில் பட்டியலோடு நின்றார். கந்தோருக்குப் போகிற உடுப்பு.

"நூற்றெண்பத்தேழு" என்றார்.

"ஓம் அங்கிள். ஏழு கூட."

"என்ர கடிதம் இருக்கோ? மூலப்பிரதி."

அவள் அலுமாரியைத் திறந்து கடிதத்தை எடுத்தாள். எழுதினதை எழுதினபடி செய்கிற மனிதர் இவர். ஏழு அலகுதானே என்று கெஞ்சலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். பெட்ஷீற்றுகளைச் சொல்லிக் காட்டலாமா என்றும் நினைத்தாள். இரண்டையும் விட்டுவிட்டு, கடிதத்தை நீட்டினாள்.

அவர் உள்ளே வந்தார். ஆறு வருடத்தில் அவர் வாசற்படி தாண்டியதில்லை. நிருஷா படித்துக்கொண்டிருந்த மேசைக்குப் போய், "கொஞ்சம் இடம் தாரும்" என்றார். பிள்ளை புத்தகங்களை ஒதுக்கிவிட்டு எழுந்து நின்றாள். அவர் இருந்து, கடிதத்தின் அடியில் மிச்சமிருந்த வெள்ளையில், ஆறுதலாக, ஒவ்வொரு எழுத்தாக எழுதினார். தோல் உரிந்த விரல்கள் ஆறி, புதுத்தோல் இளஞ்சிவப்பாக வந்திருந்தது. எழுதி முடித்து, ஒரு தரம் வாசித்து, ஒரு இடத்தில் புள்ளி வைத்தார். கையொப்பம் இட்டு, திகதி போட்டார்.

"வாசிச்சுப் பாரும்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டார்.

உஷாந்திக்கு எழுத்துகள் கலங்கின. நிருஷாதான் வாங்கி உரத்து வாசித்தாள்.

'மேற்படி கடிதம் இத்தால் இரத்துச் செய்யப்படுகிறது. 268 அலகுகளுக்கான காரணம் எனது தளத்திலேயே இருப்பதை அறிந்துகொண்டே அதை நான் எழுதினேன். மேல்மாடியில் வசிப்போர் மீது எவ்விதத் தவறும் இல்லை. பிழை என்னுடையது.'

அதற்குக் கீழே வழக்கம்போல 'பிரதி' என்று இருந்தது. ஆனால் கோப்பு என்று எழுதியிருக்கவில்லை.

'பிரதி: திருமதி அருந்ததி சண்முகலிங்கம்.'

ஆகில் தெஹிவளை இலக்கம் எழுதிய துண்டைக் கசக்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். கீழே, யன்னலுக்குள், சண்முகலிங்கம் கந்தோர்க் குரலில் தான் எழுதியதை அன்ரிக்கு ஒவ்வொரு சொல்லாக ஒப்புவிப்பது கேட்டது. முடிந்ததும் அன்ரி கேட்டா, "திகதி போட்டனீங்களோ?"

"போட்டனான்" என்றார் அவர்.

உஷாந்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு, நாளைக்கான வாளிக்குத் தண்ணீர் பிடிக்கப் போனாள்.